சீட்டின் முதுகு

கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து மாலை வேளையிலே தெற்கு நோக்கிப் புறப்படும் புகைவண்டிகளில் நெடுங்காலமாகக் காணப்பட்டுவந்த காட்சி ஒன்று உண்டு. எதிரெதிரே அமர்ந்த நால்வரின் முழங்கால்களின்மேல் ஒரு செய்தித்தாளோ கைப்பெட்டியோ பாலம்போற் கிடக்கும். அதன்மேற் சீட்டுகள் ஒவ்வொன்றாக விழும். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை, கல்கிசை என நிலையங்கள் பின்னோக்கிச் செல்லும். வலப்புறத்தே கடல் தண்டவாளத்தை ஒட்டியே உடன் வரும். நால்வரில் ஒருவர் இரத்மலானையில் இறங்குபவராயின், அந்நிலையம் வருமுன் ஆட்டம் முடிந்தாக வேண்டும்.

கடல் சீறும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் உப்புத் துளிகள் சன்னல் வழியே உள்ளே வரும். அவ்வண்டியிற் பயன்பட்ட கடதாசிச் சீட்டுக்கட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தால் அதன் வரலாறு முழுவதும் தெரியும். ஓரங்கள் பஞ்சுபோற் பிரிந்திருக்கும். நடுப்பகுதி ஈரத்தால் ஊதியிருக்கும். இரண்டு சீட்டுகள் ஒட்டிக்கொண்டு ஒரே சீட்டாய்க் கையில் வரும். எல்லாவற்றிலும் பெரிய கேடு யாதெனில், சில சீட்டுகளின் முதுகிலே மடிப்பும் மறுவும் விழுந்து, முகத்தைக் காணாமலே அவை இன்னவையெனச் சொல்லக்கூடிய நிலை வந்திருக்கும். அந்நிலை வந்தபின் நடைபெறுவது ஆட்டம் ஆகாது.

இன்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டு மேசையைச் சுற்றி அமர்ந்து போக்கர் ஆடும் இளைஞர்கள், எந்தப் பிளாஸ்டிக் சீட்டுக்கட்டை வாங்குவது நல்லதென்று ஒருவரையொருவர் கேட்கின்றனர். பிளாஸ்டிக் என்பதைப் பாடநூலார் 'பிளாத்திக்கு' என எழுதினர். தமிழகத்தார் 'நெகிழி' என்றனர். கடைக்காரரோ பிளாஸ்டிக் என்றே சொல்லி விற்கிறார். அவ்விளைஞர் கேட்கும் கேள்வி புதிதுபோலத் தோன்றினும் மிகப் பழையது. சீட்டு என்ற பொருள் தோன்றிய நாள் முதலாகவே, அதன் முதுகை எவ்வாறு மறுவின்றிக் காப்பது என்பதே அதனைச் செய்தவர்களின் கவலையாக இருந்துவந்துள்ளது.

இந்தியாவின் பழைய சீட்டு கஞ்சீபா எனப்படும். முகலாய மன்னர் பாபர் 1527ஆம் ஆண்டிலே சிந்து நாட்டு ஷா ஹசன் என்பாருக்குக் கஞ்சீபாச் சீட்டுகளை அனுப்பிவைத்ததாகத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். அவர் பேரர் அக்பரின் அவையில் ஆடப்பட்ட கஞ்சீபாவை அபுல் பசல் தமது 'அயினி அக்பரி'யில் விரித்துரைக்கின்றார். இச்சீட்டுகள் பெரும்பாலும் வட்ட வடிவின. செல்வர்க்குத் தந்தத்தினாலும் ஆமையோட்டினாலும் செய்தனர். ஏனையோர்க்குச் செய்த முறை நுட்பமானது. பழந்துணியைப் பல மடிப்பாகப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, வெண்சுண்ணம் பூசி, கல்லால் தேய்த்து வழவழப்பாக்கி, வட்டமாக வெட்டி, முகத்திலே ஓவியம் தீட்டி, இறுதியில் அரக்கு மெருகு ஏற்றினர். முதுகுப்புறம் ஒரே நிறமாக விடப்பட்டது. ஒடிசாவிலும், வங்காளத்து விஷ்ணுபுரத்திலும், மேற்குக் கரையிலுள்ள சாவந்தவாடியிலும் இக்கைத்தொழில் இன்றும் அற்றுப்போகவில்லை. விஷ்ணுபுரத்துத் தசாவதாரச் சீட்டு 120 கொண்டது. மைசூர் மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் (1794-1868) இதில் அளவிறந்த ஈடுபாடு கொண்டு தாமே புதிய ஆட்டங்களை வகுத்தார். அவற்றுள் ஒன்றுக்கு 360 சீட்டுகள் வேண்டும். அத்தனையையும் கலைத்துப் பகிரும் வேலை யாருக்கு வாய்த்ததோ, அவர் இரக்கத்துக்குரியவர்.

அரக்கு மெருகு ஏன் ஏற்றினர்? அழகு ஒரு காரணம். கையின் வியர்வையும் எண்ணெயும் துணியினுள் ஊறாமற் காப்பது மற்றொரு காரணம். ஊறாத பொருளில் அழுக்குத் தங்காது. அழுக்குத் தங்காத முதுகில் அடையாளம் விழாது. பிற்காலத்துப் பிளாஸ்டிக் சீட்டு எந்தத் தேவைக்குப் பிறந்ததோ, அதே தேவையை ஒடிசாவின் ஓவியர் அரக்கினால் நிறைவேற்றிக்கொண்டனர்.

இலங்கையில் இன்று வழங்கும் நான்கு சாதிச் சீட்டு ஐரோப்பியர் கொணர்ந்தது. ஐரோப்பாவிலே சீட்டாட்டம் பற்றிய தெளிவான குறிப்புகள் 1370களில் தோன்றுகின்றன; எகிப்து நாட்டு மம்லூக்கியரின் சீட்டே அவற்றுக்கு மூலம் என்பது அறிஞர் துணிபு. கடல் கடந்து கீழ்த்திசைக்குச் சீட்டைக் கொண்டுவந்தவருள் முன்னோர் போர்த்துக்கேயர். அவர்கள் யப்பானுக்குச் சென்றபின் அந்நாட்டார் சீட்டுக்கு 'கருத்தா' என்று பெயரிட்டனர். அது போர்த்துக்கேய மொழியின் 'கார்த்தா' என்னும் சொல்லே. இலங்கைத் தமிழர் சீட்டாட்டத்தைக் 'கடதாசி விளையாட்டு' என்பர். அக்கடதாசி என்ற சொல்லும் போர்த்துக்கேயத் தொடர்புடையதென்று கருதுவோர் உளர்.

ஆயினும் இந்நாட்டுச் சீட்டாட்டத்தில் ஆழமாகப் பதிந்துள்ள முத்திரை ஒல்லாந்தருடையது. 1656இற் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர் 1796வரை கரையோரத்தை ஆண்டனர். அவர்கள் விட்டுச்சென்றவற்றுள் கோட்டைகளைச் சுற்றுலாப் பயணிகள் படம் பிடிக்கின்றனர். சொற்களை எவரும் கவனிப்பதில்லை. சிங்கள மக்கள் சீட்டின் நான்கு சாதிகளையும் ஹாரத்த, ருயித்த, கலாபர, இஸ்கோப்ப என்று வழங்குவர். ஒல்லாந்த மொழியில் அவை ஹார்ட்டன், ருய்ட்டன், கிளாவரன், ஸ்கோப்பன். தமிழிலும் கிளாவர் அவ்வழி வந்ததே. ஆட்டின் என்றும் ஆடுத்தன் என்றும் வழங்குவது ஹார்ட்டனின் திரிபு. தமிழகத்தில் இஸ்பேட் என்று போர்த்துக்கேய ஒலியோடு வழங்கும் சாதி, யாழ்ப்பாணத்து முதியோர் நாவில் இஸ்கோப்பன் என ஒல்லாந்த உரு எடுக்கும். டைமன் மட்டும் ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. கந்தோர், கக்கூசு என்ற சொற்களோடு இவற்றையும் ஒல்லாந்தர் கணக்கில் எழுதுதல் தகும்.

மற்றைச் சாதிகளை வெல்லும் சாதியை இலங்கைத் தமிழர் 'துரும்பு' என்பர். சிங்களத்தில் 'துரும்பு' என்பதே ஈற்று ஒலி சற்று வேறுபட வழங்கும். தமிழகத்தார் 'துருப்பு' என்பர். போர்த்துக்கேயத்தில் 'துறுன்ஃபு', ஒல்லாந்தத்தில் 'துரூஃப்'. ஒலியை நோக்கின் இலங்கையின் துரும்பு முன்னதற்கும், தமிழகத்தின் துருப்பு பின்னதற்கும் அணித்தாக நிற்கின்றன. தமிழிலே துரும்பு என்பதற்குக் காய்ந்த புல் நறுக்கு என்று பொருள் ஏற்கெனவே உண்டாகையால், துரும்பு அரசனை வெட்டிவிட்டது என்று சொல்வதில் ஆடுவோர்க்கு ஒரு தனி மகிழ்ச்சி.

ஒல்லாந்தர் வழியை மேலும் காட்டும் ஆட்டம் முந்நூற்று நான்கு. யாழ்ப்பாணத்துத் திண்ணைகளிலும், வாசிகசாலைகளிலும், கொழும்பிலே தமிழ் எழுதுவினைஞர் தங்கிய விடுதிகளிலும் இதனைப்போல் வேரூன்றிய சீட்டாட்டம் வேறில்லை. ஒரு கட்டிலிருந்து இரண்டு முதல் ஆறு வரையுள்ளவற்றை நீக்கிவிட, 32 சீட்டு எஞ்சும். நால்வர் இரண்டு அணியாகப் பிரிந்து, எதிரெதிரே அமர்ந்து, வலக்கைப் பக்கமாக ஆட்டத்தை நகர்த்துவர். இங்கே அரசனுக்கும் அரசிக்கும் மதிப்பில்லை. சேவகன் எனப்படும் சீட்டு எல்லாவற்றிலும் பெரியது; அதற்கு 30. அடுத்தது ஒன்பது, அதற்கு 20. பின்னர் ஆசு 11, பத்து 10, அரசன் 3, அரசி 2. கூட்டினால் ஒரு சாதிக்கு 76. நான்கு சாதிக்கும் 304. ஆட்டத்தின் பெயரே அதன் கணக்கு. சிறுவருக்கு மனக்கணக்குப் பயிற்றுவிக்க இதனினும் விரைவான வழியைக் கண்டறிதல் கடினம்; எனினும் எந்தப் பாடசாலையும் இதனைப் பாடவிதானத்திற் சேர்த்ததில்லை.

சேவகனும் ஒன்பதும் அரசனை வெல்லும் இவ்விந்தை முறை ஒல்லாந்தரின் 'கிளாவர்யாஸ்' என்னும் ஆட்டத்திலும் உண்டு. அங்கே துரும்புச் சேவகனுக்கு 20, துரும்பு ஒன்பதுக்கு 14, ஆசுக்கு 11, பத்துக்கு 10. அந்த ஒன்பதை அவர்கள் 'நெல்' என்பர். கேரளத்தில் இருபத்தெட்டு, ஐம்பத்தாறு என்றும், வங்காளத்தில் இருபத்தொன்பது என்றும் வழங்கும் ஆட்டங்களும் இக்குடும்பத்தன. அவை எல்லாம் ஒல்லாந்தர் வணிகம் செய்த கரைகளிலே வழங்குவது கருதத்தக்கது. ஒல்லாந்த மாலுமியிடமிருந்து நேரே கற்றதற்குச் சான்றோலை எதுவும் கிடையாது. ஆனால் சேவகனுக்கு அடுத்து ஒன்பதை வைக்கும் எண்ணம் இரண்டு இடங்களிலே தானாகத் தோன்றியிருக்கும் என்று நம்புவதும் எளிதன்று.

சீட்டின் முதுகுக்கும் முந்நூற்று நான்குக்கும் உள்ள தொடர்பு இனித்தான் வருகின்றது. ஒவ்வொருவர்க்கும் முதலில் நான்கு சீட்டுப் பகிரப்படும். அந்நான்கை மட்டும் பார்த்து, தம் அணி இத்தனை புள்ளி எடுக்கும் என்று ஆடுவோர் கேட்பர். மிகுதியாகக் கேட்டவர் தம் கையிலுள்ள ஒரு சீட்டைத் துரும்பாகத் தெரிந்து மேசைமேல் கவிழ்த்து வைப்பார். எஞ்சிய நான்கும் பின்னர் பகிரப்படும். துரும்பு எந்தச் சாதி என்பது அவர் ஒருவர்க்கே தெரியும். அவருடைய கூட்டாளிக்கும் தெரியாது. கவிழ்ந்து கிடக்கும் அந்தச் சீட்டைச் சுற்றியே மற்றை மூவரின் ஊகமும் ஓடும்: ஏன் இதைப் போட்டார், ஏன் அதைப் பிடிக்காமல் விட்டார் என்று. அச்சீட்டின் முதுகிலே ஒரு மூலை மடிந்திருந்தால், அல்லது தேநீர்க் கறை ஒன்று இருந்தால், அவ்வளவுதான்! பழகிய கட்டென்றால் அது கிளாவர் ஒன்பது என்பதை அவ்வீட்டுச் சிறுவனும் சொல்லிவிடுவான். போக்கரிலும் இதுவே நிலை. ஒவ்வொருவர் முன்னும் கவிழ்ந்து கிடக்கும் இரண்டு சீட்டு எவை என்பது தெரியாதவரைக்குமே பந்தயத்துக்குப் பொருள் உண்டு.

ஐரோப்பாவிலே பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையும் பெரும்பாலான சீட்டுகளின் முதுகு வெறும் வெள்ளையாகவே இருந்தது என்பது இன்று வியப்பளிக்கும். வெற்றுமுதுகு ஆதலால் அதில் முகவரி எழுதினர், அழைப்பு எழுதினர். 1685இற் கனடாவிலிருந்த பிரெஞ்சு ஆட்சியாளர் படையினர்க்குச் சம்பளம் கொடுக்க நாணயம் இல்லாமையாற் சீட்டுகளிலே கையொப்பமிட்டு அவற்றையே பணமாக வழங்கினர். ஆனால் வெள்ளை முதுகில் ஒரு விரற்றடம் பட்டாலும் தெரியும். இலண்டனிலே தோமஸ் டி லா ரூ என்பவர் 1832இற் சீட்டைப் பல நிறங்களில் இயந்திர அச்சில் ஏற்றும் உரிமைப் பட்டயம் பெற்றார். 1844 முதல் ஓவன் ஜோன்ஸ் என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் அந்நிறுவனத்துக்காக முதுகுக் கோலங்களை வரைந்தார். நெருங்கிய கோலத்தினிடையே சிறு அழுக்கு மறைந்துபோம். ஒருபுறம் அழகும் மறுபுறம் காவலுமாக அது அமைந்தது.

இதே டி லா ரூ நிறுவனம் இலங்கைக்கும் அந்நியமானதன்று. 1857இல் இலங்கை வெளியிட்ட தொடக்க கால அஞ்சல்தலைகளுள் அரைப்பென்னித் தலையை அச்சிட்டது அதுவே. பிற்காலத்தில் இந்நாட்டு நாணயத்தாள்களையும் அச்சிட்டது. 1980களில் கொழும்புக்கு அணித்தே அதற்கோர் அச்சகமும் எழுந்தது. பணத்தாளையும் சீட்டையும் ஒரே நிறுவனம் செய்தது தற்செயலன்று. இரண்டும் பலர் கை மாறுவன. இரண்டிலும் ஒன்றுக்கொன்று வேறுபாடு இருத்தலாகாது. இரண்டிலும் கள்ளம் புகும். ஆங்கில அரசும் சீட்டைப் பணத்துக்கு ஒப்பாகவே கருதிற்று. 1711 முதல் ஒவ்வொரு கட்டுக்கும் கனத்த வரி விதித்து, அது செலுத்தப்பட்டமைக்கு அடையாளமாக இஸ்பேட் ஆசு என்ற ஒரு சீட்டைத் தன் முத்திரைச் சாலையிலேயே பின்னர் அச்சிட்டது. அந்த ஆசைப் போலியாகச் செய்த ரிச்சர்ட் ஹார்டிங் என்பவர் 1805இல் தூக்கிலிடப்பட்டார். ஒரு சீட்டுக்காக ஒருயிர். அவ்வரி 1960இலேதான் நீங்கிற்று. இன்றும் இஸ்பேட் ஆசு மற்றை ஆசுகளிலும் பெரிதாகவும் அணிவேலை மிகுந்தும் காணப்படுவது அவ்வரியின் எச்சமே.

இவ்வாறு இங்கிலாந்திலே நன்றாக உழைத்த கடதாசிச் சீட்டு, கொழும்புக்கு வந்ததும் தளர்ந்தது. சீட்டு என்பது ஒரே தாளன்று. இரண்டு தாள்களை இடையிற் கரும்பசை இட்டு ஒட்டுவர். ஒளி ஊடுருவாதிருக்கவே அக்கருமை. கொழும்பின் காற்றில் ஈரப்பதம் சராசரி நூற்றுக்கு எழுபதுக்கு மேல் நிற்கும். பசை அதனை உறிஞ்சும், தாள் பிரியும். மாப்பசையின் சுவை கண்ட இராமபாணப் பூச்சியும் கரப்பானும் மூலைகளை அரிக்கும். கையின் வியர்வை வேறு. ஒரு குளிர்நாட்டுக் கழகத்தில் ஓராண்டு உழைக்கும் கட்டு, வெள்ளவத்தைக் கடற்கரை வீட்டில் ஒரு பருவத்தோடு முடியும்.

முடிந்தால் வேறு வாங்கலாமே எனின், எல்லாக் காலத்திலும் அது இயலவில்லை. 1960களிலும், சிறப்பாக 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட ஆண்டுகளிலும், அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி கடுமையாக ஒடுக்கப்பட்டது. உணவுக்கே வரிசையில் நின்ற காலத்திற் சீட்டுக்கு யார் உரிமம் தருவார்? கட்டுநாயக்கா அவ்விடத்தைப் பெறுமுன், கொழும்பின் விமான நிலையம் இரத்மலானையே. 1935 நவம்பரில் முதல் விமானம் அங்கே இறங்கியது. 1947 திசம்பரில் எயார் சிலோனின் முதற் பயணம் அங்கிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் புறப்பட்டது. விமானக் கம்பனிகள் பயணிகளுக்குச் சீட்டுக்கட்டை அன்பளிப்பாக வழங்கும் வழக்கம் உலகெங்கும் இருந்தது. வெளிநாடு சென்று மீள்பவர் உறவினர்க்குக் கொணரும் பொருள்களிலே சவர்க்காரத்துக்கும் பேனாவுக்கும் நடுவே ஒரு சீட்டுக்கட்டும் இருந்தால், அது பெரும்பேறாகக் கருதப்பட்டது.

அக்காலத்தே கட்டுகளை மிக உழைத்தவர்கள் வடக்கிலிருந்து வந்து கொழும்பிலே அரசாங்கக் கந்தோர்களில் வேலைபார்த்த தமிழ் எழுதுவினைஞர். குடும்பம் ஊரில்; தாம் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ 'சம்மரி' எனப்பட்ட கூட்டுவிடுதியில். மாலையில் தேநீர், பின் முந்நூற்று நான்கு. 1956 ஏப்பிரிலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியபின், ஊருக்குப் போகும் நெடும்பயணம் முழுதும் ஆட்டம் தொடர்ந்தது. அநுராதபுரம் தாண்டியதும் கட்டு கலைந்து கைமாறும், வவுனியாவிற் சண்டை, கிளிநொச்சியிற் சமாதானம். எத்தனையோ திருமணப் பேச்சும், மாற்றல் விண்ணப்பமும், காணிப் பிணக்கும் அந்தக் கவிழ்ந்த துரும்பின் மேலாகவே பேசி முடிக்கப்பட்டன.

1983 யூலையிற் கொழும்பின் தமிழர் வீடுகள் எரிந்தன. இரத்மலானை விமான நிலையத்தின் கொட்டகை ஆயிரக்கணக்கானோர்க்கு அகதி முகாமாயிற்று. அவர்களிற் பலர் அங்கிருந்து கப்பலேறி வடக்கே சென்றனர். மேலும் பலர் பின்னர் நாட்டையே விட்டனர். 1990 யூனில் யாழ்தேவியும் வடக்கே ஓடுவது நின்றது. சம்மரிகள் கலைந்தன. உடுத்த துணியோடு சென்றவர்கள் சீட்டுக்கட்டை எடுத்துச் செல்லவில்லை. ஆனால் ஆட்டத்தைத் தலையில் வைத்துக்கொண்டு சென்றனர். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இன்று பழைய மாணவர் சங்கங்களின் ஒன்றுகூடலில் முந்நூற்று நான்குப் போட்டி நடைபெறுவது வழக்கம். சுவிட்சர்லாந்தில் குடியேறியவர்க்கு ஓர் எதிர்பாராத அநுபவம் காத்திருந்தது. அந்நாட்டின் தேசிய ஆட்டம் போன்றது 'யாஸ்'. ஒல்லாந்தர் வழியாகச் சென்றதாகக் கருதப்படும் அவ்வாட்டம் அங்கே முதன்முதலிற் குறிக்கப்படுவது 1796இல். ஒல்லாந்தர் இலங்கையை இழந்த அதே ஆண்டு. அதிலும் துரும்புச் சேவகன் முதல்வன். துரும்பு ஒன்பது இரண்டாமவன், பெயர் 'நெல்'. அயலவர் மேசையிற் சேவகன் அரசனைப் பிடிப்பதைக் கண்ட யாழ்ப்பாணத்தவருக்கு அதனை விளக்க மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்திராது.

பிளாஸ்டிக் சீட்டின் பிறப்பு 1930களுக்கு உரியது. எளிதில் தீப்பற்றும் செலுலாயிட்டிலே முன்னரும் சிலர் முயன்றதுண்டு. 1935இல் அமெரிக்காவில் 'கெம்' என்னும் பெயருடன் வந்த சீட்டு செலுலோசு அசற்றேற்று என்னும் பொருளால் ஆனது. மரக்கூழிலிருந்தோ பருத்தியிலிருந்தோ பெறுவது. பிரேசிலிலே 1908இல் நிறுவப்பட்ட 'கொபாக்' பின்னர் பி.வி.சி. எனப்படும் பொருளிற் சீட்டுச் செய்து பெயர்பெற்றது. பழைய நிறுவனங்கள் இன்று ஒன்றையொன்று விழுங்கிவிட்டன. 'பைசிக்கிள்' சீட்டை 1885 முதல் வெளியிட்டுவந்த அமெரிக்க நிறுவனம் 2004இல் கெம்மை வாங்கிற்று. அந்த அமெரிக்க நிறுவனத்தை 2019இற் பெல்சியத்தின் 'கார்ட்டாமுண்டி' வாங்கிற்று. பெட்டிமேற் பெயர் வேறாயினும் உரிமையாளர் ஒருவராயிருத்தல் கூடும்.

கடையிற் பலரை ஏமாற்றுவது ஒரு சொல். 'பிளாஸ்டிக் பூச்சு' என்று எழுதியிருந்தால் அது உள்ளே தாள்தான். மேலே மெல்லிய பூச்சு. ஓரம் திறந்திருக்கும், அவ்வழியே கொழும்பின் ஈரம் நுழையும். 'நூற்றுக்கு நூறு பிளாஸ்டிக்' என்பதே உண்மையான பிளாஸ்டிக் சீட்டு. அதன் விலை கடதாசிச் சீட்டின் விலையிற் பல மடங்கு. ஆனால் பல மடங்கு காலம் உழைக்கும். அசற்றேற்றுச் சீட்டு கைக்குக் கடதாசி போன்ற மென்மையைத் தரும். பி.வி.சி. சற்றே வழுக்கும், விலையில் எளிது. மிக மலிந்த பி.வி.சி. கட்டுகளைத் தவிர்ப்பதே நலம். அவை வெயிலில் வளைந்து, வளைந்தபடியே நிற்கும்.

பெட்டியைத் திறந்து பார்க்கக் கடைக்காரர் இசைந்தால் ஒரு சீட்டை நீளவாட்டில் மெல்ல வளைத்து விடுக. நல்லது உடனே நிமிரும். கைவிளக்கின்முன் பிடித்தால் முகத்தின் படம் முதுகுவழியே தெரியலாகாது. முதுகுக் கோலம் தலைகீழாகத் திருப்பினும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். இல்லையேற் சில சீட்டுகளைத் திருப்பி வைத்து அடையாளம் செய்ய வழியுண்டு. கோலத்தைச் சுற்றிய வெள்ளை விளிம்பு எல்லாச் சீட்டிலும் ஒரே அகலமாக உள்ளதா என்பதைக் கட்டின் பக்கவாட்டிலே நோக்கியறியலாம். அகலம் பற்றியும் ஒரு சொல். போக்கர் அளவு என்பது 63.5 மில்லிமீற்றர் அகலம். பிரிட்ஜ் அளவு 57. உயரம் இரண்டிலும் ஏறக்குறைய 89. இரண்டே சீட்டுப் பிடிக்கும் போக்கருக்கு அகலமானது ஒவ்வும். எட்டுச் சீட்டை விசிறியாய்ப் பிடிக்கவேண்டிய முந்நூற்று நான்குக்கு ஒடுங்கியதே வசதி. முதியவர் ஆடும் வீடாயின் மூலையெண் பெரிதாக அச்சிட்ட கட்டை வாங்குவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

சிவப்பு முதுகு ஒன்றும் நீல முதுகு ஒன்றுமாக இரண்டு கட்டு ஒரே பெட்டியில் வரும். ஒன்றைப் பகிரும்போது மற்றதைக் கலைத்து வைக்கலாம். அழுக்கேறினால் இளஞ்சூட்டு நீரிற் சிறிது சவர்க்காரம் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, நிழலில் உலர்த்துக. காரின் முற்பகுதியில் வெயில்பட விடுதல், மண்ணெண்ணெய் முதலியவற்றால் துடைத்தல் இரண்டும் கேடு. பிளாஸ்டிக்குக்கும் குறையுண்டு: குளிரூட்டிய அறையின் உலர்ந்த காற்றில் மின்னேற்றம் பெற்றுச் சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டும், ஒருமுறை அழுந்த மடிந்தால் அவ்வடு மாறாது. அத்தகைய ஒரு சீட்டு உள்ள கட்டு, மற்றை 51உம் புதியவையாயினும், துரும்பைக் கவிழ்த்து வைக்கும் ஆட்டத்துக்கு உதவாது.

இன்னொரு நன்மை பலர் அறியாதது. இரத்மலானையிலுள்ள செவிப்புலனற்றோர், கட்புலனற்றோர் பள்ளி 1912இற் தோன்றியது. கண்ணில்லாதார் விரலால் அறியத்தக்கதாகப் பிரெயில் புள்ளி பொறித்த சீட்டுகள் உலகில் வழங்குகின்றன. கடதாசியிற் பொறித்த புள்ளி சில நாளிலே அமுங்கிவிடும். பிளாஸ்டிக்கிற் பொறித்தது நெடுநாள் நிற்கும். பார்வையுள்ளார்க்குச் சீட்டின் மேற்பரப்பு மாசின்றி இருத்தல் வேண்டும். இவர்களுக்கோ அதே பரப்பிலே தெளிந்த குறி வேண்டும். ஒரே பொருள் இரண்டு தேவைக்கும் ஈடுகொடுக்கின்றது.

பந்தயம் என்ற சொல் இடையிடையே வந்துள்ளது. திருவள்ளுவர் சூதுக்கென 94ஆம் அதிகாரத்தை ஒதுக்கியது தமிழர் அறிந்ததே. 1889ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சூதாட்டக் கட்டளைச் சட்டம் பொதுமக்கள் புகும் இடங்களிலும் சூதாட்ட மனைகளிலும் பந்தயத்துக்கு ஆடுவதைக் குற்றமாக்கிற்று. கசினோக்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2010இல் வந்தது. வீட்டு மேசையிலே புளியங்கொட்டையையோ தீக்குச்சியையோ பணயமாக வைத்து ஆடினாலும் போக்கரின் சுவை குறைவதில்லை என்பது ஆடிப்பார்த்தவர் கூற்று. முந்நூற்று நான்குக்கு அதுவும் தேவையில்லை. தோற்ற அணியை அடுத்த ஞாயிறுவரை ஏளனம் செய்யும் உரிமையே அதன் பரிசு.

2014 அக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியது. முழங்கால்மேற் செய்தித்தாள் விரிப்போர் அதில் மிகக் குறைவு. கைபேசித் திரையிலே முந்நூற்று நான்கு ஆடுவோர் உளர். எதிரணி எந்த நாட்டில் இருக்கின்றதென்பதும் அவர்க்குத் தெரியாது. அத்திரையிற் கவிழ்ந்து கிடக்கும் துரும்பின் முதுகில் மடிப்பும் விழாது, கறையும் படியாது. கட்டை வெட்டித் தரும்படி எதிரே இருப்பவரிடம் நீட்டவும் அதில் வழியில்லை.